நல்லார் துணையோடு நடந்த நீதிபதி: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார் என்று கேட்டால் நம் துறை மாணவர் எவரும் தயங்காமல் விடை சொல்லிவிடுவர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. இலக்கிய வரலாற்றுத் தாளில் ஒரு மதிப்பெண் பெற இது போதும். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நின்ற மனிதர் யார், எப்படி வாழ்ந்தார், யாரோடு பழகினார் என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. பேராக் தோட்டப்புறத்துக் கத்தோலிக்கக் குடும்பமொன்றிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் படிக்க வந்த எனக்கு, அவருடைய நாவலைவிட அவருடைய வாழ்க்கையே பெரிய பாடமாகப் பட்டது. அதைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் செபத்தில் ஒரு வேண்டுதல் சோதனையைப் பற்றியது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் சோதனை என்றால் வினாத்தாளும் மதிப்பெண்ணும்தான் நினைவுக்கு வரும். செபத்தில் வரும் சோதனை வேறு. தவறு என்று தெரிந்தும் மனம் அதன் பக்கம் சாய்கிற வேளையே அந்தச் சோதனை. இந்தச் சோதனைக்கு நாள் குறித்துக் கால அட்டவணை ஒட்ட மாட்டார்கள். அது வரும் வழிகளில் முக்கியமானது நம்மோடு கூடித் திரியும் மனிதர்கள். புனித பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் தீயோர் சேர்க்கையைப் பற்றி எச்சரிக்கிறார். திருவள்ளுவரோ இதற்கென்றே பல அதிகாரங்கள் ஒதுக்கினார். பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று அவை நீளும். திருமறையும் திருக்குறளும் ஒரே இடத்தில் வந்து நிற்கும் பொருள் இது. அந்த இடத்தில்தான் வேதநாயகம் பிள்ளையையும் காண்கிறேன்.

குளத்தூர்ப் பிள்ளை

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை, தாயார் ஆரோக்கிய மரி அம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். இளமையில் தியாகப் பிள்ளை என்னும் ஆசிரியரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அந்த ஆசிரியர் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணி புரிந்தவர். மொழியைக் கற்கப் போன இடத்திலேயே நீதிமன்றத்தின் நடைமுறையும் இளைஞருக்குப் பழக்கமாகியிருக்கும் என்று எண்ணுகிறேன். நல்ல துணையைத் தேடிக்கொள்வது பெரும்பாலும் நல்ல ஆசிரியரில்தான் தொடங்குகிறது.

1848-இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். 1850-இல் மொழிபெயர்ப்பாளரானார். அக்காலத்தில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சாதாரண ஆள் அல்லர். வழக்காடுபவர் தமிழில் சொல்வதை ஆங்கிலம் மட்டும் அறிந்த துரைக்கு எடுத்துச் சொல்பவர் அவர். ஒரு சொல்லை அழுத்திச் சொல்லலாம், ஒரு சொல்லை விட்டுவிடலாம், ஒரு பத்திரத்தை இரண்டு நாள் தள்ளி எடுத்துக் கொடுக்கலாம். இந்தச் சிறிய வேலைகள் ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒருவன் விலை வைத்துக் காத்திருப்பான். சோதனை என்பது பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம். கோப்பு அடுக்கும் இடத்திலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முன்சீப்பு நாற்காலி

1857-இல் அவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். தரங்கம்பாடி நமக்கு வேறு வகையிலும் தெரிந்த ஊர். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியது அங்கேதான். டேனிஷ்காரர் வசம் இருந்த அவ்வூர் 1845-இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அங்கிருந்து சீகாழி, பின்னர் மாயூரம் என்று பணி தொடர்ந்தது. மாயூரத்தில் பத்தாண்டுக்கு மேல் முன்சீப்பாக இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அவ்வூரை மயிலாடுதுறை என்கிறோம்.

காவிரிப் பாசனத்து நஞ்சை நிலம் நிறைந்த பகுதி அது. நிலத்தகராறு, கடன், குத்தகை, பாகப்பிரிவினை என்று வழக்குகளுக்குக் குறைவிராது. அதிகாரியைக் காணப் போகும்போது கையில் ஓர் எலுமிச்சம்பழமாவது கொண்டு போவது நம்மவர் வழக்கம். அது மரியாதை. எலுமிச்சம்பழம் பழத்தட்டாகிறது, பழத்தட்டின் மேல் பட்டு வருகிறது, பட்டுக்கு அடியில் பண முடிப்பு வருகிறது. எந்த இடத்தில் மரியாதை முடிந்து கைக்கூலி தொடங்குகிறது என்று சொல்வது கடினம். கைக்கூலியின் சூழ்ச்சியே அதுதான்.

அந்த நாற்காலியில் அமர்ந்த இரண்டாம் ஆண்டில், 1859-இல், வேதநாயகம் பிள்ளை 'நீதிநூல்' என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் களவு, சூது, மது, பொய் ஆகியவற்றோடு கைக்கூலிக்கும் தனியே இடம் கொடுத்தார். இதை எண்ணிப் பாருங்கள். பணி ஓய்வு பெற்ற பின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடிய நூல் அன்று அது. பதவி கையில் இருந்தபோதே, வழக்காட வருபவர்களும் வக்கீல்களும் வாசிக்கும்படி, கைக்கூலிக்கு எதிராக அச்சில் எழுதிவிட்டார். அப்படி எழுதிய நீதிபதி மறுநாள் கை நீட்ட முடியுமா? ஊரே அவர் நூலைக் காட்டிக் கேட்கும். தாம் திரும்பிப் போக முடியாதபடி பின்னால் உள்ள பாலத்தைத் தாமே அறுத்துவிட்டார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நேர்மையான நீதிபதி என்று பெயர் பெற்றதற்கு இந்தத் துணிவும் ஒரு காரணம் எனலாம்.

அவர் செய்த இன்னொரு பணியும் இதோடு சேர்ந்ததே. 1805 முதல் 1861 வரை உயர்நிலையில் இருந்த சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் தந்தார். சட்டம் புரியாத மக்கள் இருக்கும் வரையில் இடைத்தரகனுக்குப் பிழைப்பு உண்டு. தீர்ப்பு தமிழில் கிடைத்தால் தரகன் தேவைப்பட மாட்டான். சோதனையைத் தம் மனத்துக்குள் மட்டும் அடக்காமல் அது முளைக்கும் இடத்தையே சுருக்கப் பார்த்தவர் அவர்.

சைவப் புலவரும் கத்தோலிக்க நீதிபதியும்

இனி அவருடைய நட்பைப் பார்ப்போம். என்னைப் பொறுத்தவரை இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிறிஸ்தவர் நல்லோரைத் துணைக்கொள்ள வேண்டும் என்றால், தம் மதத்தாரோடு மட்டுமே சேர வேண்டும் என்று பலர் பொருள் கொள்கின்றனர். அப்படியே வளர்ந்த நண்பர்களை நான் அறிவேன். வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கை அந்த எண்ணத்தைத் திருத்துகிறது. அவருடைய நெருங்கிய நண்பர் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-இல் பிறந்தவர். எண்ணற்ற தலபுராணங்கள் பாடிய சைவர். டாக்டர் உ.வே. சாமிநாதையருக்கு ஆசிரியர். திருச்சியில் தொடங்கிய அந்த நட்பு மகாவித்துவான் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மறையும் வரை தொடர்ந்தது.

மகாவித்துவான் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் 'குளத்துக்கோவை' என்னும் நூலைப் பாடினார். கோவை என்பது அகப்பொருள் துறைகளை நிரல்படக் கோத்துப் பாடும் சிற்றிலக்கியம். தெய்வத்துக்கும் அரசருக்கும் வள்ளலுக்கும் சூட்டுகிற மாலையை, திருநீறு அணிந்த புலவர் ஒருவர், செபமாலை ஏந்திய நீதிபதிக்குச் சூட்டினார். வேதநாயகம் பிள்ளை சீகாழியில் முன்சீப்பாக இருந்த காலத்தில் அங்கு வந்து தங்கிய மகாவித்துவான் 'சீகாழிக்கோவை'யையும் பாடினார். அது சீகாழிச் சிவபெருமான் மீது எழுந்த நூல். தம் ஊரில் சைவ நூலொன்று எழுவதைக் கண்டு மகிழ்ந்தாரே தவிர, அந்தக் கிறிஸ்தவர் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகரோடும் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது. தேசிகரைப் புகழ்ந்து பாடல்களும் எழுதினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவர் வட்டத்தில் ஒருவர். இவர்கள் அனைவரும் சிவநெறிச் செல்வர்கள். இவர்களோடு பழகியதால் அவருடைய விசுவாசம் தேய்ந்துபோயிற்றா? இல்லை. 'திருவருள் மாலை', 'திருவருள் அந்தாதி', 'தேவமாதா அந்தாதி', 'பெரியநாயகி அம்மன் பதிகம்' முதலிய கிறிஸ்தவப் பனுவல்களை அவர் பாடினார். தம் கோயிலில் முழங்காலிட்டவர், நண்பரின் கோயில் வாசலில் மரியாதையோடு நின்றார். எவரும் தத்தம் கடவுளை நினைத்துப் பாடலாம் என்னும்படி 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை வெளியிட்டதும் இந்த நட்பின் விளைச்சலே எனத் தோன்றுகிறது.

அப்படியானால் நல்ல துணைக்கு அவர் வைத்த உரைகல் எது? அவர் எங்கும் இதைப் பட்டியலிட்டுச் சொன்னதாக நான் படிக்கவில்லை. ஆனால் அவர் நண்பர்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்குகிறது. மகாவித்துவான் வறுமை அறிந்தவர். நண்பரின் உதவி அவருக்கு வேண்டியிருந்தது. ஆயினும் அந்த நட்பின் அடித்தளம் தமிழ். வந்தவர்கள் பாடலைக் கொண்டு வந்தார்கள், பாடலைக் கேட்டுப் போனார்கள். முன்சீப்பின் நாற்காலியை அவர்கள் சுற்றவில்லை. நம்மிடம் உள்ள நல்லதைத் தேடி வருபவன் நண்பன், நம் பதவியில் விலைபோகக் கூடியதைத் தேடி வருபவன் வியாபாரி. இருவரும் ஒரே விதமாகத்தான் சிரிப்பார்கள். எதற்கு வருகிறார்கள் என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மாலை நேரத்தை மகாவித்துவானோடு செய்யுள் பேசிக் கழிப்பவருக்கு வேறு கூட்டத்தோடு சேர நேரம் ஏது? தீய நட்பை விலக்குவதற்கு அவர் தனியே பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. நல்ல நட்பு அந்த இடத்தை முன்னமே நிரப்பிவிட்டது.

தாது வருடப் பஞ்சம்

1872-இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வேறொரு சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம் அது. தாது வருடத்தில் தொடங்கியதால் தாது வருடப் பஞ்சம் என்றே கிராமத்தார் சொல்லி வந்தனர். இலட்சக் கணக்கில் மக்கள் மாண்டனர்.

இது கைக்கூலியைவிடக் கடினமான சோதனை என்பேன். பிறர் பொருளை வாங்காதிருப்பது ஒரு நேர்மை. ஓய்வுக் காலத்தில், நோயும் முதுமையும் வரும் வேளையில், சட்டப்படி தமக்கே உரிய பொருளைப் பூட்டி வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேதநாயகம் பிள்ளை பூட்டி வைக்கவில்லை. கஞ்சித் தொட்டி அமைத்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். தம் சேமிப்பை அதில் செலவிட்டார். பஞ்சத்தின் கொடுமையைக் கண்டு இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். இந்தக் கொடையைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் மீது கீர்த்தனை ஒன்று பாடினார். சிவனடியார் வரலாற்றைப் பாடிய வாய் ஒரு கத்தோலிக்கரின் ஈகையைப் பாடியது.

நம் மூதாதையர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம் துறைமுகம் மாயூரத்துக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லை. வறட்சியும் கடனும் துரத்த, தஞ்சை, திருச்சி வட்டாரத்து மக்கள் அந்தப் பத்தாண்டுகளில் மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். ரப்பர் பின்னர் வந்தது. வேதநாயகம் பிள்ளை கஞ்சி ஊற்றிய அதே மண்ணின் பசிதான் நம்மில் பலரை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே அவரை எங்கோ வாழ்ந்த எழுத்தாளர் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

கதையிலும் அதே பாடம்

பஞ்சத்துக்குப் பின் 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தம் முந்தைய நூல்களில் சொன்ன நீதிகளைக் கதையாக விளக்குவதே நோக்கம் என்று முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். கதையின் தொடக்கமே தோழமையைப் பற்றியது. பிரதாபன் செல்வர் வீட்டுச் செல்லப் பிள்ளை. அவனைக் கண்டிக்க ஆசிரியருக்கே அச்சம். அவன் செய்யும் பிழைக்கெல்லாம் உடன் படிக்கும் கனகசபை அடி வாங்குகிறான். துதிபாடும் கூட்டத்தின் நடுவே ஒரு பிள்ளை எப்படிக் கெடுகிறான் என்பதை நகைச்சுவையோடு காட்டுகிறார் ஆசிரியர். அவனைத் திருத்துபவர்கள் கண்டிப்பான தாயும் கனகசபை, ஞானாம்பாள் போன்ற உடன் பயில்வோருமே. நம் மொழியின் முதல் நாவல் நல்ல நட்பில் தொடங்குகிறது என்றால் அது மிகையாகாது.

ஞானாம்பாளை அவ்வளவு அறிவுள்ளவளாகப் படைத்ததிலும் வியப்பில்லை. 1869-இலேயே 'பெண்மதி மாலை' எழுதிப் பெண்கல்வியை வலியுறுத்தியவர் அவர். 1887-இல் 'சுகுண சுந்தரி' என்னும் இரண்டாம் நாவலையும் தந்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் மறைந்தார்.

தஞ்சோங் மாலிமிலிருந்து பார்க்கும்போது

நம் பழைய தோட்ட வாழ்க்கையில் முன்சீப்பு இல்லை. ஆனால் கிராணி இருந்தார். பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளையும் செக்ரோல் புத்தகத்தையும் பார்த்தவர் அவர். முள்ளை ஒரு கோடு தள்ளிப் படித்தால் ஒரு குடும்பத்தின் அரிசி குறையும். கங்காணி இருந்தார். யாருக்கு நல்ல நிரை, யாருக்கு மேட்டு நிரை என்பது அவர் நாவில் இருந்தது. சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் காத்திருந்த கூட்டாளிகள் இருந்தார்கள். அந்தச் சூழலிலும் நேராக நிறுத்த கிராணிமார் இருந்தார்கள், கள்ளுக்கடைக்குப் போகாமல் பிள்ளையைப் படிக்க வைத்த பால்வெட்டுத் தொழிலாளர்கள் இருந்தார்கள். நம்மில் பலர் இன்று பட்டதாரி ஆனது அவர்களால்தான். வேதநாயகம் பிள்ளை என்ற பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் நடந்த வழியில்தான் அவர்களும் நடந்தார்கள்.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. கள்ளுக்கடையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. பி.டி.பி.டி.என். கடன் கணக்கில் விழுந்த வாரத்தில், விடுதி அறையில் இருந்தபடியே இணையச் சூதாட்டத்துக்கு அழைக்கும் நண்பன் இருக்கிறான். நூறு வெள்ளி போட்டால் முந்நூறு என்று காட்டுவான். இடுபணியை எழுதித் தர ஆள் இருக்கிறது, விலையும் இருக்கிறது என்று சொல்பவனும் நண்பன் முகத்தோடுதான் வருகிறான். சூதையும் பொய்யையும் களவையும் 1859-இல் பாடியவர் இவற்றைக் கண்டால் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியிராது.

நாம் படிக்கும் இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் இது. ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். நாளை நம்மில் பெரும்பாலோர் அரசு ஊழியராகப் போகிறோம். ஒரு பெற்றோர் தீபாவளிக்கு முறுக்கு கொண்டு வருவார். அது அன்பு. அடுத்த ஆண்டு வேறொருவர் தடித்த உறையோடு வந்து, தம் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றி மெல்லப் பேச்செடுப்பார். எலுமிச்சம்பழம் எப்போது பண முடிப்பாயிற்று என்பதை அந்த நொடியில் உணர வேண்டும். அப்போது நமக்குக் கைகொடுப்பது அன்றைக்குத் திடீரென்று பிறக்கும் வீரம் அன்று. இந்த மூன்று நான்கு ஆண்டுகளில் பெர்ணம் ஆற்றங்கரையில் யாரோடு உட்கார்ந்து எதைப் பேசிப் பழகினோம் என்பதே கைகொடுக்கும்.

எனவே தோழர்களே, கிறிஸ்தவ மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். செபக் கூட்டத்துக்குப் போங்கள், அங்குள்ள நண்பர்களைப் பற்றிக்கொள்ளுங்கள். அதோடு, அதிகாலையில் எழுந்து தேவாரம் ஓதும் அறைத்தோழனையும், இடுபணியைத் தன் கையாலேயே எழுதும் வகுப்புத் தோழியையும் நண்பராக்கிக்கொள்ளுங்கள். அவர்களால் உங்கள் விசுவாசம் குறையாது. குளத்தூர்ப் பிள்ளைக்குக் குறையவில்லை. இந்து நண்பர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். ஒரு கத்தோலிக்கரைக் கோவையின் தலைவராக்கிய மகாவித்துவானை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை தேர்வுத் தாளில் முதல் நாவலாசிரியர் யார் என்ற கேள்வி வந்தால் விடையை எழுதிவிட்டு, அவர் யாரோடு பழகினார் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே அது உங்களுக்கு உதவும்.